மறுக்கப்பட்ட ஓய்வூதியத்தைக் கேட்டு நீதிமன்றம் போவது எப்படி: தமிழக அரசு ஊழியர்களுக்கான முழு வழிகாட்டி

ஓய்வூதியம் மறுக்கப்படுவது பெரும்பாலும் கடிதத்தில் நடப்பதில்லை. "உங்க ஃபைல் ஏ.ஜி. ஆபீஸிலிருந்து திரும்பி வந்திருக்கு சார்", "ஆடிட் பாரா ஒண்ணு நிக்குது மேடம், அது முடியட்டும்", "செக்‌ஷன்ல ஆள் மாறிட்டாங்க, அடுத்த வாரம் வாங்க" என்று வாயால்தான் நடக்கும் (ஏ.ஜி. ஆபீஸ் என்றால் மாநிலக் கணக்காயர் அலுவலகம், ஆடிட் பாரா என்றால் தணிக்கை ஆட்சேபணை). ஆறு மாதம் போகும், ஒரு வருடம் போகும். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அந்த நிலையில் வக்கீலிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி: "எந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போடுவது?"

உடன் வேலை பார்த்தவர்களுக்காகப் பல வருடங்களாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அதில் கற்ற பாடம் ஒன்றுதான்: மறுப்பை முதலில் எழுத்தில் வரவழைக்க வேண்டும். காரணம் காகிதத்தில் வந்துவிட்டால் பாதி வழக்கு தயார். மீதிப் பாதி தேதிகளும் ஆவணங்களும். உங்கள் கஷ்டம் உண்மையானதுதான், நீதிபதிக்கும் அது புரியும். ஆனால் தீர்ப்பு எழுதப்படுவது பணிப்பதிவேட்டில் இருக்கும் பதிவையும் விதியையும் வைத்துத்தான்.

இந்த வழிகாட்டி முக்கியமாகத் தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கானது. மத்திய அரசு, வாரியம், கழகம் ஆகியவற்றில் பணியாற்றியவர்களுக்கு வழி எங்கே பிரிகிறது என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கேட்பது உரிமை, சலுகை இல்லை

மனு எழுதும்போது "கருணை கூர்ந்து", "தயவு செய்து வழங்குமாறு" என்று எழுதிப் பழகிவிட்டோம். இதை விட்டுவிடுங்கள். ஓய்வூதியம் அரசு விரும்பினால் கொடுக்கும் தானம் அல்ல, ஊழியரின் உரிமை என்று 1971-இலேயே தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை இன்னும் விரிவாக உறுதி செய்தது. அந்தத் தேதியைத்தான் நாடு முழுவதும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

வழக்குக்கு நேரடியாக உதவும் தீர்ப்பு 2013-இல் வந்தது. ஜார்க்கண்ட் அரசுக்கும் ஜிதேந்திர குமார் ஸ்ரீவத்ஸவாவுக்கும் நடந்த வழக்கு அது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அரசியலமைப்பின் 300ஏ பிரிவின்கீழ் சொத்து. சட்ட அதிகாரம் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது. வெறும் நிர்வாக அறிவுரைக் கடிதம் சட்டம் ஆகாது என்று அதில் சொல்லப்பட்டது. ஆகவே உங்கள் பணத்தை நிறுத்தி வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிது: எந்த விதியின்படி நிறுத்தினீர்கள்?

முதலில், உங்களுடையது எந்த வகை மறுப்பு?

எல்லா மறுப்பும் ஒன்றல்ல. வகை மாறினால் வாதம் மாறும், சில நேரம் போக வேண்டிய மன்றமே மாறும். இதில் அவசரப்படாதீர்கள்.

அதிகம் நடப்பது அதிகப்படி ஊதியப் பிடித்தம். ஓய்வு பெறும் நேரத்தில் பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும்போது, 15 வருடத்துக்கு முன் கொடுத்த ஊதிய உயர்வோ தேர்வுநிலையோ (குறிப்பிட்ட காலப் பணிக்குப் பின் தரும் உயர் ஊதிய நிலை) தவறு என்று தணிக்கை எழுதும். அத்தனை வருட வித்தியாசத்தையும் கூட்டிப் பணிக்கொடையில் கழிப்பார்கள். இதற்கு 2014 டிசம்பரில் வந்த ரஃபீக் மஸீஹ் தீர்ப்பு கைகொடுக்கும். பழைய மூன்றாம், நான்காம் வகுப்பு ஊழியர்கள், அதாவது இன்றைய சி, டி பிரிவினர். ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெற இருப்பவர்கள். பிடித்த ஆணைக்கு ஐந்து வருடத்துக்கு மேல் முன்பிருந்தே அதிகப்படியாக வாங்கி வந்தவர்கள். உயர் பதவி வேலை பார்க்க வைக்கப்பட்டு அதற்கான சம்பளம் வாங்கியவர்கள். இவர்களிடம் பிடிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு வகைப்படுத்திச் சொன்னது. இவை தவிர, பிடித்தம் மிகவும் கடுமையாக, நியாயமற்றதாக இருந்தாலும் கூடாது என்றது. 2022-இல் தாமஸ் டேனியல் வழக்கிலும் இதே போக்குத்தான். ஊழியர் ஏமாற்றியோ தவறான தகவல் தந்தோ வாங்காத பணத்தை, அவர் ஓய்வு பெற்ற பிறகு திரும்பக் கேட்பது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் நின்றது.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் பிடித்தத்தை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஊதியத் திருத்தத்தின்போது "அதிகமாக வாங்கியிருந்தால் திருப்பித் தருகிறேன்" என்று அவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார் என்பதுதான் காரணம். நாம் ஊதியக்குழு விருப்பப் படிவங்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள். உங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று வழக்குக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அரசுத் தரப்பு அதை முதல் முறையாக நீதிமன்றத்தில் எடுத்து நீட்டும்போது உங்கள் வக்கீல் திகைத்து நிற்கக் கூடாது. இருந்தாலும் கலங்க வேண்டாம். ஜக்தேவ் சிங் நீதித்துறை அதிகாரி. இளநிலை உதவியாளருக்கும் அலுவலக உதவியாளருக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது என்று வாதிட இடம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிடித்தம் கூடாது என்றால், தவறான ஊதிய நிர்ணயம் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, ஆனால் ஓய்வூதியத்தைச் சரியான ஊதியத்தின் மேல் கணக்கிடலாம் என்றுதான் பல வழக்குகள் முடிகின்றன. நிர்ணயமே சரிதான் என்பது உங்கள் நிலை என்றால், அதைத் தனியாகக் கேட்டு, தனியாக நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, ஒழுங்கு நடவடிக்கை. 17(பி), அதாவது கடும் தண்டனைக்கான விதியின்கீழ் தந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணை (மெமோ) நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி நிறுத்துவார்கள். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-இன் 9-ஆம் விதியை நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். பணியில் இருக்கும்போது தொடங்கிய நடவடிக்கை ஓய்வுக்குப் பிறகும் தொடரலாம். ஆனால் ஓய்வுக்குப் பிறகு புதிதாகத் தொடங்க வேண்டுமானால் அரசின் ஒப்புதல் வேண்டும். சம்பவம் அந்தத் தொடக்கத்துக்கு நான்கு வருடத்துக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. ஓய்வு பெற்றுப் பல மாதம் கழித்து ஒரு மெமோ வந்தால், முதலில் தேதிகளை எண்ணிப் பாருங்கள். பல மெமோக்கள் அந்த எண்ணிக்கையிலேயே விழுந்துவிடும். நடவடிக்கை முறையாக நிலுவையில் இருந்தாலும், அது முடியும்வரை இடைக்கால ஓய்வூதியம் கேட்க விதியில் வழி உண்டு. பணிக்கொடையை மட்டும் பொதுவாக நிறுத்தி வைப்பார்கள். பத்து வருடமாக ஒரு விசாரணை நடக்காமல் கிடந்தால், "விரைந்து முடியுங்கள்" என்று கேட்பதோடு நிற்காமல், அந்தக் காலதாமதத்தையே காரணமாகக் காட்டி மெமோவை ரத்து செய்யவும் கேட்கலாம்.

மூன்றாவது, தகுதியான பணிக்காலம் போதாது என்பது. தினக்கூலியாக, தொகுப்பூதியத்தில், பகுதிநேரமாக வேலை பார்த்துப் பின்னால் நிரந்தரமானவர்களின் துயரம் இது. ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடத் தகுதிப் பணி வேண்டும். 20 வருடம் உழைத்தவருக்குப் பதிவேட்டில் எட்டு வருடம்தான் தேறும். அதே ஓய்வூதிய விதிகளின் 11-ஆம் விதி, தினக்கூலி மற்றும் தொகுப்பூதியக் காலத்தில் பாதியைச் சில நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. 2003 ஏப்ரல் 1 என்ற தேதிதான் இங்கே எல்லைக்கோடு. அன்று முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்துவிட்டது. நிரந்தரமானது அந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்பதில்தான் இந்த வகை வழக்குகளின் பெரும்பகுதி சுற்றுகிறது. தேர்வு நடைமுறை அதற்கு முன்பே முடிந்து, நியமன ஆணை மட்டும் தாமதமாக வந்தவர்களும் இதே கோட்டில்தான் நிற்கிறார்கள். இந்த வழக்குகளில் அறிவிக்கை வந்த தேதி, தேர்வுப் பட்டியல் தேதி, முதல் நாள் வருகைப் பதிவு என எல்லாமே பொன். உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவர் தொடுத்த பிரேம் சிங் வழக்கில், வேலைக்கணக்கில் (ஒர்க் சார்ஜ்டு) ஊதியம் வாங்கிய காலத்தையும் ஓய்வூதியத்துக்குச் சேர்க்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அந்த மாநில விதியைப் பற்றியது என்று இங்கே அரசுத் தரப்பு சொல்லும். ஆனாலும் மனுவில் அது இருக்கட்டும்.

நான்காவது வெறும் தாமதம். யாரும் மறுக்கவில்லை, யாரும் தரவும் இல்லை. இந்த வகைக்கு வட்டிதான் ஆயுதம். பத்மநாபன் நாயர் வழக்கில், கடைசி ஊதியச் சான்று வருவதில் ஏற்பட்ட தாமதத்தால் ஓய்வூதியம் இரண்டு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது. தாமதத்துக்கு அரசு வட்டி தர வேண்டும், அந்தப் பொறுப்பு ஓய்வு பெற்ற இரண்டு மாதம் கழிந்ததும் தொடங்குகிறது என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வட்டிக்கு விதி இல்லாவிட்டாலும் அரசியலமைப்பின் 14, 19, 21 பிரிவுகளை வைத்துக் கேட்கலாம் என்று 2008-இல் எஸ்.கே. துவா வழக்கில் வழி திறந்தது.

குடும்ப ஓய்வூதியம் ஐந்தாவது. இதில் ஒரு எச்சரிக்கை மட்டும். திருமணம் நடந்ததா, மனைவி யார் என்பதே சர்ச்சையாக இருந்தால் உயர் நீதிமன்றத்து ரிட் மனுவில் (அரசின் செயலை எதிர்த்து நேராக அங்கே போடும் மனு) அது தீராது. உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகைத் தீர்ப்பு (உரிமை யாருடையது என்று அறிவிக்கும் தீர்ப்பு) வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாட்சி விசாரித்துத் தீர்க்க வேண்டிய உண்மைத் தகராறு எதுவாக இருந்தாலும் இதே கதிதான்.

காகிதங்களைச் சேருங்கள்

பணிப்பதிவேடுதான் தாய் ஆவணம். பணியில் இருக்கும்போதே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் பாக்கியவான். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. அது உங்கள் சொந்தப் பதிவேடு, அடுத்தவருடைய தனித் தகவல் அல்ல. ஆகவே மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

"நகல் தரவும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பணிப்பதிவேட்டின் எல்லாப் பக்கங்கள், ஓய்வூதியக் கருத்துரு (புரொபோசல்) அனுப்பிய கடிதமும் தேதியும், மாநிலக் கணக்காயர் அலுவலகம் திருப்பி அனுப்பிய கடிதம், தணிக்கை ஆட்சேபணைப் பத்தி, அதற்குத் துறை எழுதிய பதில், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் என்று ஒவ்வொன்றாக எண் போட்டுக் கேளுங்கள். குறிப்புப் பக்கங்களைக் கண்டிப்பாகக் கேளுங்கள். "ஊழியர் மீது தவறில்லை, நிர்ணயம் செய்தது அலுவலகம்" என்று ஏதாவது ஒரு கண்காணிப்பாளர் அங்கே எழுதி வைத்திருப்பார். உங்கள் வழக்குக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அப்புறம் வீட்டில் தேட வேண்டியவை: நியமன ஆணை, நிரந்தரப்படுத்திய ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஊதிய நிர்ணய ஆணைகள், ஓய்வு பெற அனுமதித்த ஆணை, நிலுவையின்மைச் சான்று, கடைசிச் சம்பளப் பட்டியல். ஓய்வு பெற அனுமதித்த ஆணையில் "நிலுவை நடவடிக்கை ஏதுமில்லை" என்ற வரி இருந்தால் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரே தாளில் காலவரிசைப் பட்டியல் எழுதுங்கள். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் என்ன நடந்தது, எந்த ஆவணம். வக்கீலிடம் இந்த ஒரு தாளோடு போவதும், பை நிறையக் கலைந்த காகிதங்களோடு போவதும் ஒன்றல்ல.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

இப்போது மனு. ஓய்வூதியம் அனுமதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு எழுதுங்கள். முதலமைச்சர் தனிப்பிரிவு முதல் மாவட்டக் கருவூலம் வரை பத்துப் பேருக்கு நகல் போடுவதால் எதுவும் வேகமாகாது. மனு சுற்றித் திரும்பி அதே மேசைக்குத்தான் வரும்.

இரண்டு பக்கம் போதும். எப்போது சேர்ந்தேன், எப்போது ஓய்வு பெற்றேன், என்னென்ன வர வேண்டும், எது வந்தது, எது வரவில்லை, எந்த விதியின்படி எனக்கு உரியது. கடைசியில் இதை மறக்காமல் எழுதுங்கள்: "மேற்படி தொகை வழங்கப்பட இயலாது எனில், அதற்கான விதியையும் காரணத்தையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வ ஆணை பிறப்பிக்கக் கோருகிறேன்." இந்த ஒரு வரிக்காகத்தான் மனுவே. நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அஞ்சலில் அனுப்பினால் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். கருவூல அலுவலரும் துறைக்காரர்களும் ஒரே அறையில் உட்காரும் இடம் அது. வெறும் தாமத வழக்குகள் பல அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்குச் சிபென்கிராம்ஸ் என்ற குறைதீர் இணையதளம் உண்டு.

விதியில் மேல்முறையீட்டு வழி இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். குறிப்பாக, ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனை ஆணை வந்திருந்தால் மேல்முறையீடு செய்யாமல் நேராக நீதிமன்றம் போனால், "முதலில் அங்கே போ" என்ற பதில்தான் கிடைக்கும்.

காலம் ஓடுகிறது

பலர் ஏமாறுவது இங்கேதான். மனு மேல் மனு போட்டுக்கொண்டே இருந்தால் காலக்கெடு நீண்டுகொண்டே போகும் என்று நினைக்கிறார்கள். நீளாது. காலங்கடந்த கோரிக்கையை ஒரு மனுவோ, அதற்கு வரும் ஒரு பதிலோ உயிர்ப்பிக்காது என்று 2008-இல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஒரு மனு, ஒரு நினைவூட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று எழுதப்பட்ட கெடு இல்லை. நியாயமான காலத்துக்குள் வர வேண்டும். ஓய்வூதியத்தில் ஒரு ஆறுதல், மாதாமாதம் குறைவாகக் கிடைப்பது தொடரும் தவறு என்பதால், தாமதமாக வந்தாலும் கதவு முழுதாக மூடாது. ஆனால் நிலுவை குறையும். 2008-இன் தர்சேம் சிங் தீர்ப்புப்படி, நிலுவைத் தொகை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். 2012 முதல் தவறாகக் கணக்கிட்ட ஓய்வூதியத்துக்கு 2024-இல் வழக்குப் போட்டால், இனி வருவது சரியாகும். பழைய பாக்கியில் 2021 முதல்தான் கைக்கு வரும். ஒன்பது வருடப் பணம் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ரயில்வே ஊழியரின் மனைவி மஸ்தான் பீயின் வழக்கில் மட்டும் 2003-இல் உச்ச நீதிமன்றம் கனிவு காட்டி, கணவர் இறந்த நாளிலிருந்தே குடும்ப ஓய்வூதியத்தைக் கொடுக்கச் சொன்னது. அவரைப் போன்ற ஒரு பெண்ணுக்கு உரியதைக் கணக்கிட்டுக் கொடுப்பது துறையின் கடமை என்றது. உங்கள் தெருவில் அப்படி ஓர் அம்மா இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்குக் கெடு கறாரானது. இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஒரு வருடம். மேல்முறையீட்டுக்கோ மனுவுக்கோ பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதற்குப் பின் ஒரு வருடம். நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் 1985-இன் 21-ஆம் பிரிவு இது. தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த வாசலில் போவது

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு இப்போது தனித் தீர்ப்பாயம் இல்லை. முன்பு இருந்தது, கலைக்கப்பட்டுவிட்டது. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றம்தான். 2004 ஜூலை முதல் மதுரைக் கிளை இருப்பதால் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், நெல்லை, குமரி, தூத்துக்குடி, திண்டுக்கல் போன்ற தென்மாவட்டக்காரர்கள் அங்கே போகலாம்.

மத்திய அரசுத் துறை, ரயில்வே, அஞ்சல் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அங்கே தோற்றால் நேராக உச்ச நீதிமன்றம் இல்லை. 1997-இன் சந்திரகுமார் தீர்ப்புக்குப் பிறகு உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வுக்குத்தான் போக வேண்டும். முப்படையில் இருந்தவர்களுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், உள்ளாட்சி ஊழியர்களுக்கு விதிகள் வேறு, பணம் தரும் அலுவலகம் வேறு. ஓய்வூதியத்துக்கு உயர் நீதிமன்றம் என்றாலும், பணிக்கொடை பற்றிய தொழிலாளர் சட்டத்துக்குள் வரும் நிறுவனமாக இருந்தால் பணிக்கொடைக்குத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போவது வேகமான, செலவு குறைந்த வழி.

அரசின் மேல் உரிமையியல் வழக்குப் போட வேண்டுமானால் இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். ரிட் மனுவுக்கு அது கட்டாயம் இல்லை.

ரிட் மனு எழுதும்போது

பணி சார்ந்த வழக்குகளை வழக்கமாக நடத்தும் வக்கீலைப் பிடியுங்கள். சொத்து வழக்கில் புலியாக இருப்பவருக்கு 9-ஆம் விதி புதிதாக இருக்கலாம்.

மனுவில் என்ன கேட்கிறோம் என்ற அந்தக் கடைசிப் பத்திதான் உயிர். எழுத்தில் மறுப்பு ஆணை இருந்தால், "அந்த ஆணையை ரத்து செய்து, உரிய தொகையை வழங்க உத்தரவிட வேண்டும்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கும் ரிட். மறுப்பு ஆணை இல்லையென்றால், செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லும் மாண்டமஸ். ஆணை இருந்தும் அதை ரத்து செய்யக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டால், "ஆணை உயிரோடு இருக்கிறதே" என்று மனு விழும்.

இன்னொரு வலை, "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்ற கோரிக்கை. இது முதல் நாளே கிடைத்துவிடும். 12 வாரத்தில் பரிசீலிக்கவும் என்று உத்தரவு வரும், வீட்டில் இனிப்புக் கொடுப்பீர்கள். 12 வாரம் கழித்துத் துறை "பரிசீலித்தோம், நிராகரிக்கிறோம்" என்று எழுதும். அவர்கள் உத்தரவை மதித்துவிட்டார்கள், நீங்கள் மறுபடி முதலிலிருந்து வழக்குப் போட வேண்டும். துறை வாயே திறக்காத நிலையில், மறுப்பை எழுத்தில் வரவழைக்க மட்டும் இது பயன்படும். உரிமை தெளிவாக இருக்கும் வழக்கில் இதற்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வட்டியைத் தனியாகக் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை சதவீதம், ஓய்வூதியம், பணிக்கொடை, ஈட்டிய விடுப்புப் பணம், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாகத் தொகுத்துப் பெறும் தொகை என எதெதற்கு என்று பிரித்து எழுத வேண்டும். கேட்காத வட்டியைத் தானாகத் தர நீதிமன்றத்துக்குக் கடமை இல்லை.

எதிர்மனுதாரர்களாகத் துறைச் செயலர், துறைத் தலைவர், ஓய்வூதியம் அனுமதிக்கும் அலுவலர், மாநிலக் கணக்காயர், தேவைப்பட்டால் கருவூல அலுவலர். கணக்காயரை விட்டுவிட்டால் பிறகு "கருத்துருவை அனுப்பிவிட்டோம், அவர்கள்தான் தரவில்லை" என்று துறை கைகாட்டும்.

பிரமாணப் பத்திரத்தில் உங்களுக்குப் பாதகமானதையும் சொல்லிவிடுங்கள். பழைய தண்டனை, இதே விஷயத்தில் முன்பு போட்ட வழக்கு, கையெழுத்திட்ட உறுதிமொழி எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தது வெளியே வந்தால் நல்ல வழக்கும் அதனாலேயே தள்ளுபடியாகும். தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பில் படிக்க முடியாத நகல் இருந்தால் பதிவகம் திருப்பி அனுப்பும், வாரக்கணக்கில் தாமதமாகும். பணிப்பதிவேட்டின் மங்கிய பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து சேர்த்துவிடுங்கள்.

இடைக்கால உத்தரவும் விசாரணையும்

பிடித்தம் நடந்துகொண்டிருந்தால் தடை கேளுங்கள். ஓய்வூதியம் முழுதாக நின்றிருந்தால், சர்ச்சை இல்லாத பகுதியையாவது உடனே கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் போன்றவற்றை ஆதாரத்தோடு இங்கே சொல்லலாம். இந்த இடத்தில் அது எடுபடும்.

அரசுத் தரப்பு பதில் மனு தாக்கல் செய்ய வாய்தா வாங்கும், மறுபடி வாங்கும். வழக்கு நிலையை நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் வழக்கு எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். பதில் மனு வந்ததும் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். அதில் ஆணையில் இல்லாத புதுக் காரணம் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆணையில் இல்லாத காரணத்தைப் பின்னால் பதில் மனு மூலம் சேர்க்க முடியாது என்பது நெடுநாள் நிலைத்த சட்டம். மறுப்பை எழுத்தில் வாங்கச் சொன்னதன் இன்னொரு பலன் இதுதான்: அவர்கள் அந்தக் காரணத்தோடு கட்டுப்பட்டுவிடுகிறார்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பில் எழுதியிருக்கும் கெடு பெரும்பாலும் "உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து" ஓடும். ஆகவே சான்றிட்ட நகலை உடனே வாங்கி, முகப்புக் கடிதத்தோடு ஒவ்வொரு எதிர்மனுதாரருக்கும் அனுப்பி, ஒப்புகை வாங்குங்கள். நகலை அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டு "தீர்ப்பு வந்து எட்டு மாதமாச்சு, பணம் வரலை" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கெடு தொடங்கவே இல்லை.

தனி நீதிபதி தீர்ப்பை எதிர்த்து அரசு இரு நீதிபதி அமர்வுக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள். நடைமுறையில் அரசு தாமத மன்னிப்பு மனுவோடு பின்னால் வரும். நீங்கள் தோற்றிருந்தால் உங்களுக்கும் அதே 30 நாள்தான்.

கெடு முடிந்தும் பணம் வராவிட்டால் வக்கீல் மூலம் ஓர் அறிவிப்பு, அதற்குப் பின் நீதிமன்ற அவமதிப்பு மனு. அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அதைப் போட வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது என்பதாலேயே அவமதிப்பு நிற்காது. தடை உத்தரவு இருந்தால்தான் நிற்கும். அதிகாரியின் பெயரைக் குறிப்பிட்டுப் போட வேண்டும் என்பதால், இப்போது அந்த இருக்கையில் இருப்பவர் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உத்தரவை நிறைவேற்றிவிட்டோம் என்று குறைவான தொகையைப் போட்டால், கணக்குத் தாளை வாங்கிச் சரிபார்த்து, ஏற்கவில்லை என்பதை உடனே எழுத்தில் சொல்லுங்கள்.

செலவும் துணையும்

நீதிமன்றக் கட்டணம் சிறியதுதான், செலவு வக்கீல் கட்டணத்தில்தான். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உரிமை தருகிறது. உயர் நீதிமன்றத்திலேயே அதற்கான குழு இருக்கிறது. ஒரே காரணத்துக்காகப் பலருக்குப் பிடித்திருந்தால் சங்கம் வழியாகச் சேர்ந்து ஒரே வக்கீலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொருவரின் தேதிகளும் வேறு என்பதால் தனித்தனி மனுவாகப் போடுவதே நல்லது.

கடைசியாக ஒன்று, சொல்லச் சங்கடமானது. வழக்கு நடக்கும்போதே மனுதாரர் இறந்துபோவதும் உண்டு. அத்துடன் உரிமை போய்விடாது. சட்டப்பூர்வ வாரிசுகள் தங்களைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டு நிலுவையை வாங்கலாம். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கி, வக்கீலிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அதனால் வழக்கு எண், வக்கீலின் தொலைபேசி எண், ஆவணத் தொகுப்பின் நகல், அந்தக் காலவரிசைத் தாள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்குக் காட்டி வையுங்கள்.